பெயர் வந்த வழி – 9: வாஷிங்டன்

சென்ற இதழில் ஸ்மித்தைப் பார்த்தோம். கொல்லுப்பட்டறை இருந்த ஊரிலெல்லாம் தானாக முளைத்த பெயர் அது. இரண்டு ஸ்மித்துகள் சந்தித்துக்கொண்டால் அவர்களுக்குள் உறவு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த இதழில் எடுத்துக்கொள்ளும் பெயர் வேறு ரகம். இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு சிற்றூரில், ஒரு நிலப் பரிமாற்றத்தின்போது, ஒரு குடும்பத்தின் மேல் ஒட்டிக்கொண்ட பெயர் இது. சுமார் நானூற்று எழுபது ஆண்டுகள் அந்தத் தீவுக்குள்ளேயே மெல்லத் தெற்கு நோக்கி நகர்ந்து, பிறகு புகையிலை வியாபாரத்துக்குப் போன கப்பல் ஒன்றில் அட்லாண்டிக்கைக் கடந்தது.

2000-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப்பெயரோடு 1,63,036 பேர் பதிவாகியிருந்தார்கள். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கறுப்பினத்தவர். நார்மன் காலத்து நிலவுடைமைக் குடும்பம் ஒன்றின் பெயர் இவர்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் இந்த இதழின் கதை.

ஊர் மாறியது, பெயரும் மாறியது

இடைக்கால இங்கிலாந்தில் டர்ஹம் ஆயர் வெறும் சமயத் தலைவராக இருந்தவர் இல்லை. ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தைக் காக்க வேண்டியிருந்ததால், படை திரட்டவும் நாணயம் அடிக்கவும் நீதிமன்றம் நடத்தவும் அவருக்கு அதிகாரம் இருந்தது. 1086-இல் அரசர் வில்லியம் எடுக்கச் செய்த புகழ்பெற்ற டூம்ஸ்டே நிலக் கணக்கு டர்ஹமைத் தொடவில்லை. அந்தக் குறையை 1183-இல் ஆயர் ஹியூ டி புய்சே தீர்த்துவைத்தார். தன் ஆளுகைக்கு உட்பட்ட ஊர்கள், அவற்றின் குடியானவர்கள், அவர்கள் செலுத்த வேண்டிய வாரம், செய்ய வேண்டிய ஊழியம் எல்லாவற்றையும் எழுதி வைக்கச் செய்தார். போல்டன் புத்தகம் என்று அதற்குப் பெயர்.

அதில் ஒரு சின்னப் பதிவு. வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர் ஹெர்ட்பர்ன் என்ற ஊரை ஆயரிடம் விட்டுக்கொடுத்துவிட்டு, பதிலுக்கு வெஸ்ஸிங்டன் என்ற ஊரைப் பெற்றிருக்கிறார். தேவாலயமும் அதற்குரிய நிலமும் நீங்கலாக மற்றதெல்லாம் அவருக்கு. ஆண்டுக்கு 4 பவுன் கட்ட வேண்டும். ஆயர் பெருவேட்டைக்குக் கிளம்பினால் நான்கு வேட்டை நாய்களோடு இவரும் கூடப் போக வேண்டும்.

வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்றால் ஹெர்ட்பர்ன்காரரான வில்லியம், அவ்வளவுதான். ஊரை மாற்றிக்கொண்டதும் அவர் வில்லியம் டி வெஸ்ஸிங்டன் ஆகிவிட்டார். நம் சங்கீத வித்வான்களின் பெயருக்கு முன்னால் அரியக்குடியும் செம்மங்குடியும் வந்து நின்றதைப் போலத்தான். ஒரு வித்தியாசம் உண்டு. நம்மிடம் பேரன் வேறு ஊரில் குடியேறினால் ஊர்ப்பெயர் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். நார்மன் படையெடுப்புக்குப் பிந்தைய இங்கிலாந்தில் நிலவுடைமைக் குடும்பங்கள் அதை உதிரவிடவில்லை. இன்னாருடைய வாரிசு நான், இந்த நிலம் எனக்கு வர வேண்டியது என்று வழக்காட அந்தப் பெயர் தேவைப்பட்டது. எனவே தகப்பனிடமிருந்து மகனுக்கு நிலம் இறங்கியபோது பெயரும் சேர்ந்து இறங்கியது.

வெஸ்ஸிங்டன், வாஸிங்டன், வாஷிங்டன் என்று எழுத்தரின் காதுக்குப் பட்டபடியெல்லாம் ஏடுகளில் ஏறியது. சசெக்ஸ் பகுதியிலும் வாஷிங்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆனால் நாம் பின்தொடரும் குடும்பம் டர்ஹம் கிளைதான். பதினான்காம் நூற்றாண்டில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கேடயச் சின்னம் அமைந்துவிட்டது: வெள்ளைத் தளத்தில் குறுக்காக இரண்டு சிவப்புப் பட்டைகள், அவற்றுக்கு மேலே மூன்று சிவப்பு நட்சத்திரங்கள். 1416 முதல் 1446 வரை டர்ஹம் பேராலய மடத்தின் தலைவராக இருந்த ஜான் வெஸ்ஸிங்டன் இந்த ஊர்ப் பெயரைத் தாங்கியவர்தான்.

இதற்குள் குடும்பத்தின் ஒரு கிளை மேற்கே லங்காஷயரில், வார்ட்டன் என்ற ஊரில் குடியேறியிருந்தது. வார்ட்டன் தேவாலயக் கோபுரத்துக் கல்லில் இரண்டு பட்டைகளும் மூன்று நட்சத்திரங்களும் செதுக்கப்பட்டன. ஊரை விட்டு வந்தவர்கள் ஊரின் பெயரை விடவில்லை.

கம்பளியில் வந்த மாளிகை

பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பணம் ஆட்டு முதுகில் விளைந்தது. வார்ட்டன் கிளையைச் சேர்ந்த லாரன்ஸ் வாஷிங்டன், கம்பளி வியாபாரத்தில் கொழித்த கிட்சன் குடும்பத்துக்குத் தாய்வழியில் உறவு. அவர் தெற்கே நார்தாம்ப்டனுக்கு இடம்பெயர்ந்து, கம்பளியிலேயே காலூன்றி, 1532-இலும் 1545-இலும் நகர மேயராகவும் இருந்தார்.

எட்டாம் ஹென்றி அப்போது துறவு மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்துக்களை விற்றுக்கொண்டிருந்தார். நார்தாம்ப்டன் புனித அந்திரேயா மடத்துக்குச் சொந்தமாக இருந்த சல்கிரேவ் பண்ணையை 1539-இல் லாரன்ஸ் வாங்கினார். விலை 324 பவுன் 14 ஷில்லிங் 10 பென்ஸ். அங்கே கல்வீடு எழுப்பி, வாசல் வளைவின் மூலையில் பட்டைகளையும் நட்சத்திரங்களையும் செதுக்கி வைத்தார். அந்த வீடு இன்றும் இருக்கிறது.

ஆனால் பண்ணை குடும்பத்தில் நிலைக்கவில்லை. பிள்ளைகள் அதிகம், கம்பளிச் சந்தை இறங்குமுகம். பேரன் காலத்தில் சல்கிரேவ் கைமாறியது. அந்தப் பேரனின் குடும்பம் கிரேட் பிரிங்டன் பக்கம் ஒதுங்கியது. பக்கத்திலேயே ஆல்தார்ப்பில் இருந்த ஸ்பென்சர்கள் உறவினர்கள். இளவரசி டயானா பிறந்த அதே ஸ்பென்சர் குடும்பம். 1616-இல் இறந்த அந்தப் பேரனின் கல்லறைப் பலகை கிரேட் பிரிங்டன் தேவாலயத்துத் தரையில் இருக்கிறது. நிலம் போய்விட்டது, கல்லில் சின்னம் மட்டும் குறையில்லாமல் பொறிக்கப்பட்டது.

சேகரம் இழந்த குருவானவர்

சொத்தில்லாத குடும்பத்தின் இளைய மகன்களுக்கு அன்று இருந்த வழிகள் கொஞ்சம்தான்: படை, வியாபாரம், திருச்சபை. அந்தப் பேரனின் மகன்களில் ஒருவரான இன்னொரு லாரன்ஸ் வாஷிங்டன் மூன்றாவது வழியைப் பிடித்தார். ஆக்ஸ்ஃபோர்டின் பிரேஸ்நோஸ் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆசிரியப் பொறுப்பேற்றார். மணம் செய்துகொண்டால் கல்லூரிப் பதவி போய்விடும் என்ற விதி இருந்த காலம். ஆம்ஃபிலிஸ் ட்விக்டனை மணந்த லாரன்ஸ், எசெக்ஸில் பர்லி என்ற நல்ல வருமானமுள்ள சேகரத்துக்குக் குருவானவராகப் போனார்.

1642-இல் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. எசெக்ஸ் நாடாளுமன்றத்தின் பக்கம், தூய்மைவாதிகளின் கோட்டை. அரச விசுவாசம் உள்ள குருமார்களை ஒவ்வொருவராக நீக்கத் தொடங்கினார்கள். 1643-இல் லாரன்ஸின் முறை வந்தது. சாராயக் கடைகளே கதி என்று கிடக்கிறார், மற்றவர்களையும் குடிக்கத் தூண்டுகிறார் என்று அவர்மேல் குற்றம் சாட்டி, அதை அச்சிட்டும் பரப்பினார்கள். அரச பக்தியைக் குற்றமாக எழுதுவதைவிடக் குடியைக் குற்றமாக எழுதுவது ஊரார் மத்தியில் எளிதில் எடுபட்டிருக்கும். சேகரம் பறிபோனது. 1653 ஜனவரியில் மால்டன் நகரில் ஏழையாக அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய மூத்த மகன் ஜானுக்கு அப்போது வயது இருபது சொச்சம். நிலம் இல்லை, ஆக்ஸ்ஃபோர்டு இல்லை, செல்வாக்கு இல்லை. அப்பா பர்லியிலேயே நிலைத்திருந்தால் அந்தப் பையனும் இன்னொரு சிற்றூர்க் குருவானவராகி, எசெக்ஸ் தேவாலயப் பதிவேடு ஒன்றில் அடங்கிப்போயிருப்பான். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் அவனைக் கப்பலேற்றியது.

பொட்டோமாக்கில் தரைதட்டிய கப்பல்

சீ ஹார்ஸ் என்ற சிறு பாய்க்கப்பல் 1656-இல் வர்ஜீனியாவுக்குப் புகையிலை ஏற்றப் புறப்பட்டது. எட்வர்ட் பிரெஸ்காட் அதன் உரிமையாளர். ஜான் வாஷிங்டன் அதில் துணை மாலுமி. வியாபார லாபத்திலும் அவருக்குப் பங்கு பேசியிருந்தார்கள். 1657-இன் தொடக்கத்தில், சரக்கேற்றித் திரும்பும் நேரத்தில் கப்பல் பொட்டோமாக் ஆற்றில் தரைதட்டியது. புயலில் புகையிலை நனைந்து நாசமானது. கப்பலைச் செப்பனிட நாளாயிற்று. அதற்குள் ஜான், நத்தேனியல் போப் என்ற செல்வாக்கான தோட்ட முதலாளியோடு பழகிவிட்டார். போப்புக்கு ஆன் என்று ஒரு மகள்.

ஜான் ஊர் திரும்பப்போவதில்லை என்றார். பிரெஸ்காட் விடவில்லை, கடன் பாக்கி என்று மறித்தார். ஜானுக்காக ஈடு நிற்க முன்வந்தவர் போப். ரொக்கம் அரிதான அந்தக் குடியேற்றத்தில் அவர் கொடுக்க முன்வந்தது பீவர் தோல். 1658-இல் ஜானுக்கும் ஆனுக்கும் திருமணம் நடந்தது. மாமனார் 700 ஏக்கர் நிலம் கொடுத்தார். மூன்று தலைமுறையாக நழுவிக்கொண்டிருந்த நிலம் கடலுக்கு அப்பால் ஒரே கல்யாணத்தில் திரும்ப வந்தது.

பிரெஸ்காட்டோடு இருந்த கணக்கு அத்தோடு முடியவில்லை. பிரெஸ்காட்டின் இன்னொரு கப்பலில், எலிசபெத் ரிச்சர்ட்சன் என்ற பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லி நடுக்கடலில் தூக்கிலிட்டார்கள். இதைக் கேள்விப்பட்ட ஜான், மேரிலாந்து ஆளுநரிடம் பிரெஸ்காட் மீது புகார் கொடுத்தார். 1659 அக்டோபரில் விசாரணைக்கு நாள் குறித்துச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். அன்று என் மகனுக்கு ஞானஸ்நானம், உற்றார் உறவினரை எல்லாம் அழைத்தாயிற்று, வர இயலாது என்று ஜான் கடிதம் எழுதினார். சாட்சி இல்லாததால் பிரெஸ்காட் விடுதலையானார். ஞானஸ்நானம் பெற்ற குழந்தை லாரன்ஸ், ஜார்ஜ் வாஷிங்டனின் தாத்தா.

வர்ஜீனியாவில் அப்போது ஒரு முறை இருந்தது. இங்கிலாந்திலிருந்து கூலியாட்களைச் செலவு செய்து அழைத்து வந்தால், தலைக்கு 50 ஏக்கர் நிலம். ஜான் அந்த வழியிலும் நிலம் சேர்த்தார். 1674-இல் நிக்கோலஸ் ஸ்பென்சர் என்பவரோடு சேர்ந்து 5,000 ஏக்கர் பெற்றார். பின்னாளில் ஜார்ஜின் மவுண்ட் வெர்னன் பண்ணை எழுந்தது அந்த நிலத்தில். யாருடைய நிலத்தை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு அடுத்த ஆண்டே ரத்தம் சிந்தியது. 1675-இல் சஸ்குஹன்னாக் பழங்குடியினரின் கோட்டையை முற்றுகையிட்ட படையில் ஜான் ஒரு தளபதி. பேச்சுவார்த்தைக்கு வெளியே வந்த பழங்குடித் தலைவர்கள் கொல்லப்பட்டார்கள். பழங்குடியினர் ஜானுக்கு வைத்த பெயர் கொனொடோகேரியஸ். ஊர்களை அழிப்பவன் என்று பொருள். சுமார் எண்பது ஆண்டுகள் கழித்து, தூது போன இளம் ஜார்ஜையும் பழங்குடியினர் இதே பெயரால் அழைத்தார்கள். குடும்பப்பெயர் எழுதிவைத்து இறங்குவது. இது எழுதாமலே கொள்ளுப்பேரன்வரை இறங்கிய பெயர்.

பட்டியலில் இல்லாத குடும்பப்பெயர்கள்

1732-இல் பிறந்த ஜார்ஜுக்குத் தன் வம்ச வரலாற்றில் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. அவர் அதிபரானபின் லண்டனிலிருந்து ஐசக் ஹேர்ட் என்ற வம்சாவளி அதிகாரி குடும்ப விவரம் கேட்டு எழுதினார். 1792-இல் ஜார்ஜ் பதில் போட்டார். கொள்ளுத்தாத்தா சுமார் 1657-இல் வந்தவர், வட இங்கிலாந்தின் ஏதோ ஒரு மாவட்டம் என்று கேள்வி. இதிலெல்லாம் நான் அதிகம் கவனம் செலுத்தியதில்லை என்பது சாரம்.

தனக்குச் சொந்தமான மனிதர்கள் விஷயத்தில் அவருடைய கணக்கு துல்லியம். தந்தை 1743-இல் இறந்தபோது பதினொரு வயது ஜார்ஜுக்குப் பத்து அடிமைகள் பாகமாக வந்தார்கள். 1799-இல் அவர் எடுத்த கணக்கின்படி மவுண்ட் வெர்னனில் 317 அடிமைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், செய்யும் வேலை, யாருக்குக் கணவன் அல்லது மனைவி என்ற குறிப்பு. குடும்பப்பெயர் மட்டும் பெரும்பாலும் கிடையாது.

அவர்களுக்குக் குடும்பப்பெயர் இல்லாமல் இல்லை. எசமானர்கள் எழுதவில்லை என்பதே உண்மை. ஜார்ஜின் உயிலிலேயே சான்று இருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போர்க்காலம் முழுக்க அவர் கூடவே குதிரையில் போன பணியாளரைக் குறிப்பிடும்போது, வில்லியம் என்று எழுதி, தன்னை வில்லியம் லீ என்று சொல்லிக்கொள்பவன் என்று அடைப்புக்குறிக்குள் சேர்க்கிறார். லீ என்பது வில்லியத்தின் முந்தைய எசமானர் குடும்பத்தின் பெயர். அதை அவர் பிடித்து வைத்துக்கொண்டார். உயிலின்படி உடனே விடுதலையானவர் வில்லியம் லீ ஒருவர்தான். ஜார்ஜுக்குச் சொந்தமான மற்ற அடிமைகளை மனைவி மார்த்தா 1801 ஜனவரி 1-இல் விடுவித்தார். மார்த்தாவின் முதல் கணவர் வழிச் சொத்தாக வந்தவர்களுக்கு அந்த விடுதலை இல்லை.

உயிலுக்காகக் காத்திராத ஒருவரும் உண்டு. ஆப்பிரிக்காவின் காம்பியா பகுதியில் பிறந்த ஹாரியை 1763-இல் ஜார்ஜ் விலைக்கு வாங்கினார். 1771-இல் ஹாரி ஓடிப்போய்ப் பிடிபட்டார். எசமானரைவிட்டு எங்களிடம் வந்து போரிடும் அடிமைகளுக்கு விடுதலை என்று பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் 1775 இறுதியில் அறிவித்ததும், மறு ஆண்டில் மீண்டும் தப்பினார். பிரிட்டிஷ் படையில் கறுப்பினப் பிரிவு ஒன்றில் பணியாற்றினார். போரில் ஜார்ஜ் வென்றார். ஓடிப்போன அடிமைகளைத் திருப்பி ஒப்படையுங்கள் என்று 1783-இல் பிரிட்டிஷ் தளபதி கார்ல்ட்டனிடம் நேரில் கேட்டார். கார்ல்ட்டன் மறுத்து, நியூயார்க்கிலிருந்து வெளியேறும் கறுப்பினத்தவர் சுமார் 3,000 பேரின் விவரத்தைப் பேரேட்டில் பதியச் செய்தார். மவுண்ட் வெர்னன் கணக்கில் வெறும் ஹாரியாக இருந்தவர், அந்தப் பேரேட்டில் ஹாரி வாஷிங்டன், வயது 43.

அவர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் குடியேறினார். அங்கே குளிரும் வறட்டு நிலமும்தான் கிடைத்தன. 1792-இல் சுமார் 1,200 பேரோடு கப்பலேறி ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் போனார். அங்கே ஆட்சி நடத்திய கம்பெனி நிலத்துக்கு வரி கேட்டது. 1800-இல் குடியேறிகள் கிளர்ந்தார்கள். ஹாரி அதில் சேர்ந்தார், விசாரிக்கப்பட்டார், ஆற்றுக்கு அக்கரையில் புல்லம் கரைக்கு நாடு கடத்தப்பட்டார், அங்கிருந்தவர்களுக்குத் தலைவரானார். பிரிட்டனின் வரியை எதிர்த்துக் கிளம்பிய வாஷிங்டன்கள் இருவர். ஒருவர் பணத்தாளில் இருக்கிறார்.

பள்ளியில் பேர் கூப்பிட்ட நாள்

ஜார்ஜுக்குப் பெற்ற பிள்ளை கிடையாது. ஆனால் நாடே அவர் பெயரை வைத்துக்கொண்டது. தலைநகருக்கு வைத்தார்கள், பிள்ளைகளுக்கு முதற்பெயராகவும் வைத்தார்கள். 1783-இல் நியூயார்க்கில் பிறந்த எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் அப்படிப் பெயர் பெற்றவர். அடிமைகளிடையேயும் வாஷிங்டன் முதற்பெயராகப் பரவியது.

அமெரிக்கக் கணக்கெடுப்பில் 1850-இலும் 1860-இலும் அடிமைகளுக்குத் தனி அட்டவணை. எசமானர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம். பெயர்க் கட்டமே இல்லை. 1865-இல் அடிமை முறை ஒழிந்து, 1870 கணக்கெடுப்பில்தான் கறுப்பினத்தவர் எல்லோரும் முழுப்பெயரோடு எழுதப்பட்டார்கள். இடைப்பட்ட அந்த ஐந்தாண்டுகளில் கூலிச் சீட்டு, திருமணப் பதிவு, பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றுக்கும் குடும்பப்பெயர் தேவைப்பட்டது. பலர் ஏற்கெனவே தங்களுக்குள் புழங்கிய பெயரை வெளியே சொன்னார்கள். சிலர் எசமானரின் பெயரை எடுத்தார்கள். சிலர் அந்தப் பெயர் மட்டும் வேண்டாம் என்று வேறு எடுத்தார்கள்.

அந்த நாட்களை உள்ளேயிருந்து எழுதியவர் புக்கர். 1856-இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பின் மேற்கு வர்ஜீனியாவின் மால்டனில் உப்புக் காய்ச்சும் உலைகளில் வேலை செய்த சிறுவன். பள்ளிக்குப் போன முதல் நாளில், மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருப்பதைக் கேட்டுத் திகைத்தான். தனக்கு இருந்தது புக்கர் ஒன்றுதான். ஆசிரியர் தன்னிடம் வருவதற்குள் யோசித்து, கேட்டவுடன் புக்கர் வாஷிங்டன் என்று, பிறந்ததிலிருந்து அதுதான் பெயர் என்பதுபோல, அலட்டாமல் சொன்னான். மாற்றாந்தந்தையின் பெயர் வாஷிங்டன் பெர்குசன். 1881-இல் டஸ்கீகீ கல்வி நிறுவனத்தை நடத்தப் போனபோது அவர் புக்கர் டி. வாஷிங்டன். ஊரின் பெயர் குடும்பத்தின் பெயராகி, குடும்பத்தின் பெயர் முதற்பெயராகி, முதற்பெயர் மறுபடியும் ஒரு குடும்பத்தின் பெயரானது.

கறுப்பின வாஷிங்டன்களைப் பார்த்து, இவர்கள் ஜார்ஜின் அடிமைகளின் வழி வந்தவர்கள் என்று முடிவுகட்டிவிடுகிறவர்கள் உண்டு. கணக்கு ஒத்துவராது. மவுண்ட் வெர்னனில் இருந்த சில நூறு பேரிலிருந்து ஒன்றரை லட்சம் பேர் வந்திருக்க முடியாது. அந்தச் சில நூறு பேரில் வில்லியம் லீ போல வேறு பெயர் கொண்டவர்களும் இருந்தார்கள். பெரும்பாலோருடைய முன்னோர், புக்கரைப் போல, தாங்களே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். விடுதலை பெற்றுத் தந்தவர் என்று நாடு கொண்டாடிய மனிதரின் பெயரை, அந்த விடுதலையில் பங்கு கிடைக்காதவர்கள் எடுத்தது கேலியாகவும் இருக்கலாம், உரிமை கோரலாகவும் இருக்கலாம். வெள்ளையர்களில் இந்தப் பெயர் அரிதானதற்குக் காரணம் எளிது: தொடக்கத்திலேயே ஒரு சிறு குடும்பம், அதன் புகழ்பெற்ற கிளைக்கு வாரிசும் இல்லை.

தலைநகரின் கொடி 1938-இல் முடிவானபோது வார்ட்டன் கோபுரத்தில் இருந்த அதே இரண்டு பட்டைகளும் மூன்று நட்சத்திரங்களும் அதில் ஏறின. நூறாண்டுக்கும் மேலாகத் தங்கள் மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதிருந்த அந்த நகரத்து மக்கள் 1974-இல் வாக்களித்து, வால்ட்டர் வாஷிங்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜார்ஜியாவில் பிறந்த கறுப்பினத்தவர், அடிமையின் கொள்ளுப்பேரன். அந்தக் கொடிக்குக் கீழே அமர்ந்து ஆட்சி செய்ய அவருக்கு வம்சாவளிச் சான்று எதுவும் தேவைப்படவில்லை. 1183-இல் வில்லியம் டி ஹெர்ட்பர்னுக்கும் இந்தப் பெயர் பிறப்பில் வந்ததில்லை. குடியேறிய இடத்தில் தனக்குப் பொருந்தியதை எடுத்துக்கொண்டார். புக்கர் செய்ததும் அதுவே. இடைப்பட்ட தலைமுறைகளைவிட இவர்கள் இருவரும்தான் ஒருவருக்கொருவர் நெருக்கம்.

எடுத்துக்கொள்வது அத்தோடு நிற்கவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும் பாடகிகளில் ஒருவரான டைனா வாஷிங்டன் பிறக்கும்போது ரூத் ஜோன்ஸ். மேடைக்காக வாஷிங்டன் ஆனவர். அவர் கழற்றி வைத்த ஜோன்ஸ், வேல்ஸ் நாட்டு மலையடிவாரத்துப் பெயர். குடும்பப்பெயரே வேண்டாம் என்றிருந்த வேல்ஸ் மக்களுக்கு அது எப்படி வந்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)